நெஞ்சுத் துடிப்பு மாத்திரைகள்: எது எதுக்கு, யாருக்கு எது? கவுண்டர்ல அடிக்கடி கேட்ட கேள்விகள்

மதுரையில ஒரு ஆஸ்பத்திரி ஃபார்மசியில 16 வருஷமா மருந்து எடுத்துக் குடுத்துக்கிட்டு இருக்கேன். துடிப்பு தாறுமாறா இருக்குன்னு சீட்டோட வர்றவங்க டாக்டர் ரூம்ல தலையாட்டிட்டு வந்துட்டு கவுண்டர்ல தான் வாயத் திறப்பாங்க, "ஏம்மா, இது நல்ல மாத்திரையா, பக்கத்து வீட்டுக்காரருக்கு வேற குடுத்துருக்காங்களே"ன்னு. பின்னாடி இருபது பேர் நிப்பாங்க, நானும் ரெண்டு வார்த்தையில சொல்லி அனுப்பிருவேன், அப்புறம் ராத்திரி வரைக்கும் அது மனசுல உறுத்தும். அதான் கேட்டவங்க கேட்ட மாதிரியே கேள்விய எழுதி நிதானமா பதில் போட்டுருக்கேன். எந்த மாத்திரை எவ்வளவுன்னு முடிவு பண்றது உங்க டாக்டர், ஏன் உங்களுக்கு இது எழுதினாரு அது எழுதலன்னு உங்களுக்குப் புரியணும்னு தான் இது.

ஈசிஜி எடுத்துட்டு "ஏஎஃப்"னு சொல்லிட்டாங்க. அப்படின்னா என்னங்க, ஹார்ட் அட்டாக்கா?

இல்லைங்க, அட்டாக் வேற. அது ரத்தக் குழாய் அடைப்பு, இது கரண்ட் கோளாறு. ஏஎஃப்னா ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். இதயத்தோட மேல் அறை ரெண்டும் ஒழுங்கா சுருங்கி விரியாம நிமிஷத்துக்கு 350லேர்ந்து 600 தடவை வரைக்கும் சும்மா நடுங்கிக்கிட்டே இருக்கும். மேல் அறைக்கும் கீழ் அறைக்கும் நடுவுல ஏவி நோடுன்னு ஒரு கேட் இருக்கு, அத்தனையையும் அது விடாது, அதுக்கு முடிஞ்சத மட்டும் கீழ அனுப்பும், அதனால தான் மணிக்கட்டுல கை வச்சுப் பாத்தா ரெண்டு வேகமா, ஒண்ணு லேட்டா, ஒண்ணு பலமா, ஒண்ணு லேசா, எந்தத் தாளத்துக்கும் அடங்காம அடிக்கும்.

துடிப்புக் கோளாறு இன்னும் பல வகை இருக்கு. எஸ்விடின்னு திடீர்னு 180, 200ன்னு ஓடி திடீர்னு நிக்கிறது ஒண்ணு. எக்டோபிக்னு அப்பப்ப ஒரு துடிப்பு முந்திக்கிட்டு வர்றது ஒண்ணு, இது இதயம் நல்லா இருக்குறவங்களுக்கு பெரும்பாலும் மருந்தே வேண்டாம். கீழ் அறையிலேர்ந்து வர்ற விடி தான் ரொம்ப ஆபத்து. எங்கிட்ட வர்றவங்கள்ல அதிகம் ஏஎஃப் தான், அதனால கீழ உள்ளது முக்கால்வாசி அதப் பத்தி.

மூணு மாத்திரை எழுதிருக்காரு. மூணுமே ஹார்ட்டுக்குத் தானே, அதுல எது நல்லதோ அத மட்டும் போட்டா பத்தாதா?

இந்த ஒரு கேள்விக்காகவே இத எழுத ஆரம்பிச்சேன்னு சொல்லலாம். மூணும் மூணு வேலை. ஒண்ணு வேகத்தக் குறைக்கும், அதாவது மேல நடுங்குறது நடுங்கட்டும், அந்தக் கேட்ட இறுக்கிப் பிடிச்சு கீழ குறைவா அனுப்பும் (மெட்டோப்ரோலால், பிசோப்ரோலால், டில்டியாசெம், வெராபமில், டிஜாக்சின்). இன்னொண்ணு தாளத்தையே சரி பண்ணப் பாக்கும் (அமியோடரோன், சோட்டலால், ஃப்ளெகனைட், ப்ரோபஃபினோன், ட்ரோனடரோன்). மூணாவது ரத்தம் கட்டி கட்டாம பாத்துக்கும், கட்டித் தடுப்பு மாத்திரைன்னு கீழ சொல்றது இதத் தான் (வார்ஃபரின், அசிட்ரோம், டாபிகாட்ரான், ரிவரோக்சபான், அபிக்சபான்), இது துடிப்ப ஒண்ணுமே பண்ணாது.

அதனால "மெட்டோப்ரோலால் நல்லதா அபிக்சபான் நல்லதா"ன்னு கேட்டா அதுக்குப் பதிலே கிடையாது. ஒரே வேலை பாக்குற மாத்திரைங்களுக்குள்ள தான் ஒப்பிட முடியும். உங்க சீட்ட எடுத்து வச்சு எந்த மாத்திரை எந்த வேலைக்குன்னு பக்கத்துல பேனாவால எழுதி வாங்கிக்கோங்க, வேகம், தாளம், கட்டின்னு மூணு வார்த்தை போதும்.

வேகத்தக் குறைக்க எனக்கு மெட்டோப்ரோலால், எங்க அத்தைக்கு டில்டியாசெம், மாமாவுக்கு டிஜாக்சின். ஏன் ஆளுக்கு ஒண்ணு?

கூட என்ன வியாதி இருக்குன்னு பாத்து தான் குடுக்குறாங்க. மெட்டோப்ரோலால், பிசோப்ரோலால் பீட்டா ப்ளாக்கர் வகை, பொதுவா முதல்ல எழுதுறது இது தான், அட்டாக் வந்தவங்களுக்கும் இதயம் பலவீனமானவங்களுக்கும் கூடுதலா நல்லது செய்யும். ஆனா ஆஸ்துமா கடுமையா இருந்தா மூச்ச இறுக்கலாம். சுகர்காரங்க ஒண்ணு தெரிஞ்சுக்கணும், சுகர் இறங்குறப்ப வர்ற படபடப்பையும் நடுக்கத்தையும் இது மறைச்சுரும், வேர்க்குறது மட்டும் தெரியும், அதனால திடீர்னு சில்லுனு வேர்த்தா உடனே சுகர் பாருங்க. அப்புறம் இத திடீர்னு நிறுத்தவே கூடாது, நிறுத்தினா துடிப்பு எகிறும்.

டில்டியாசெமும் வெராபமிலும் ஆஸ்துமா உள்ளவங்களுக்கு வசதி, ஆனா எக்கோவுல (இதய ஸ்கேன்) பம்பிங் குறைவா இருக்குன்னு வந்தவங்களுக்கு ஆகாது. கால் வீக்கம், மலச்சிக்கல் (முக்கியமா வெராபமில்ல) வரும். இந்த வகையையும் பீட்டா ப்ளாக்கரையும் சேத்துப் போட்டா துடிப்பு ஒரேயடியா இறங்கி மயங்கி விழலாம், ரெண்டு டாக்டர்ட்ட தனித்தனியா காட்டுறவங்க சீட்டுல இத நான் பாத்துருக்கேன், குடுக்காம டாக்டருக்கு போன் போட்டுருக்கேன். அதனால பழைய சீட்டு எல்லாத்தையும் எடுத்துக்கிட்டுப் போங்க.

டிஜாக்சினுக்கு சனி ஞாயிறு லீவுன்னு சொல்றாங்களே, மாத்திரைக்கு என்ன லீவு?

இந்த மருந்துல பலன் தர்ற அளவுக்கும் விஷமாகுற அளவுக்கும் இடைவெளி ரொம்பச் சின்னது. கிட்னி வழியா வெளிய போகணும், வயசானவங்களுக்கு கிட்னி மெதுவா வேலை செய்யும், உடம்புல தேங்கிரும். அதனால நம்ம ஊர்ல வாரத்துல 5 நாள் போட்டு 2 நாள் விடச் சொல்ற பழக்கம் ரொம்ப நாளா இருக்கு. சில டாக்டர்கள் அதுக்குப் பதிலா சின்ன டோஸா தினமும் குடுப்பாங்க. உங்களுக்கு எது சொன்னாங்களோ அதுவே.

ஃபாக்ஸ்க்ளோவ்னு ஒரு பூச்செடியிலேர்ந்து வந்த மருந்து குடும்பம் இது, 1785லயே வில்லியம் வித்தரிங்னு ஒரு இங்கிலாந்து டாக்டர் அந்தச் செடியோட பலனையும் அதிகமானா என்ன ஆகும்னும் எழுதி வச்சுட்டாரு. உக்காந்து இருக்குறப்ப துடிப்ப நல்லா குறைக்கும், எழுந்து மாடி ஏறினா அந்த அளவுக்குப் பிடிக்காது, அதனால நடமாட்டம் உள்ளவங்களுக்கு தனியா குடுக்குறது குறைஞ்சு போச்சு. பசியே இல்ல, குமட்டுது, பாக்குறதெல்லாம் மஞ்சளா தெரியுதுன்னா மாத்திரைய நிறுத்தி அன்னைக்கே போய்க் காட்டுங்க. பேதி ஆகி பொட்டாசியம் இறங்குனாலும் இந்த மருந்து சீக்கிரம் விஷமாகும்.

என் பல்ஸ் 95 காட்டுது. 72 தானே இருக்கணும்? இன்னொரு மாத்திரை சேக்கச் சொல்லவா?

ஏஎஃப்ல 72 கணக்கெல்லாம் கிடையாது. நெதர்லாந்துல ரேஸ் 2ன்னு ஒரு ஆராய்ச்சி, 2010ல வந்துச்சு, நிரந்தர ஏஎஃப் உள்ளவங்கள்ல ஒரு பகுதிக்கு 80க்குக் கீழ இறுக்கிப் பிடிச்சாங்க, இன்னொரு பகுதிக்கு 110க்குக் கீழ இருந்தா சரின்னு விட்டாங்க, விட்டவங்க எந்த விதத்துலயும் மோசமாகல. அதனால உக்காந்து இருக்குறப்ப 95 இருந்து, மூச்சு வாங்கல, தலை சுத்தலன்னா பயப்பட வேண்டாம். இறுக்கணுமான்னு உங்க அறிகுறிய வச்சு டாக்டர் சொல்லுவாரு.

பிபி மெஷின்லயும் விரல்ல மாட்டுற ஆக்சிமீட்டர்லயும் காட்டுற நம்பர ஏஎஃப்ல நம்பி உக்காராதீங்க, ஒவ்வொரு தடவையும் வேற காட்டும். முழுசா ஒரு நிமிஷம் கடிகாரத்தப் பாத்து எண்ணுங்க.

வேகத்த மட்டும் குறைக்கிறதுக்குப் பதிலா தாளத்தையே நார்மலாக்கிட்டா நல்லது தானே?

கேக்க அப்படித்தான் இருக்கும், டாக்டர்களும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைச்சாங்க. 2002ல அஃபர்ம்னு ஒரு பெரிய ஆராய்ச்சி, 4,060 பேர், பெரும்பாலும் வயசானவங்க, தாளத்த சரி பண்ணின பக்கம் அதிகமா யாரும் பிழைக்கல, ஆஸ்பத்திரியில சேந்தது தான் அதிகம். அதுக்கு மருந்துங்களோட பக்கவிளைவும் ஒரு காரணம், தாளம் சரியாயிருச்சேன்னு நிறைய பேர் கட்டித் தடுப்பு மாத்திரைய நிறுத்தினதும் ஒரு காரணம்.

2020ல ஈஸ்ட்னு இன்னொண்ணு வந்து கதைய மாத்துச்சு. ஏஎஃப் வந்து ஒரு வருஷத்துக்குள்ளயே தாளத்த சரி பண்ண ஆரம்பிச்சவங்களுக்கு பக்கவாதமும் இதய மரணமும் குறைஞ்சுது, அதுல கட்டித் தடுப்பு மாத்திரைய கிட்டத்தட்ட எல்லாரும் தொடர்ந்து போட்டாங்க. அதனால இப்ப, புதுசா வந்தது, வயசு கம்மி, மூச்சு வாங்குதுன்னா தாளத்துக்குப் போறாங்க. பத்து வருஷமா ஏஎஃப் இருக்கு, மேல் அறை பெருசாயிருச்சு, ஆனா ஆள் நல்லா நடமாடுறாருன்னா வேகம் மட்டும் போதும்னு விட்டுருவாங்க. உங்களக் கைவிட்டுட்டாங்கன்னு அதுக்கு அர்த்தம் இல்ல.

அமியோடரோன் பத்தி நெட்ல படிச்சேன்க்கா, தைராய்டு போகும், நுரையீரல் போகும்னு போட்டுருக்கு. இதப் போய் எங்கப்பாவுக்கு எழுதிருக்காங்களே?

பயம் நியாயம் தான், பாதிய மட்டும் படிச்சுட்டு நிறுத்திராதீங்க. தாளத்தப் பிடிச்சு வைக்கிறதுல இருக்குற மாத்திரையிலேயே பலமானது இது தான். அட்டாக் வந்து பம்பிங் குறைஞ்சவங்களுக்கு மத்த பெரும்பாலான மாத்திரை ஆபத்து, இத மட்டும் தான் தைரியமா குடுக்க முடியும். உங்கப்பாவுக்கு எக்கோ ரிப்போர்ட்ல பம்பிங் குறைவுன்னு இருந்தா அதான் காரணம்.

இதோட எடையில 37 சதவீதம் அயோடின். 200 எம்ஜி மாத்திரையில சுமார் 75 எம்ஜி, உடம்புக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 150 மைக்ரோகிராம் தான். அதுல கொஞ்சம் தான் பிரிஞ்சு வெளிய வரும்னாலும் அதுவே தைராய்ட ஆட்டி வைக்கப் போதும், கூடவும் செய்யும், குறையவும் செய்யும். கொழுப்புல போய் ஒளிஞ்சுக்கும், நிறுத்தினாலும் உடம்ப விட்டுப் போக மாசக்கணக்கா ஆகும். அதனால தான் ஆரம்பத்துல ஒரு நாளைக்கு மூணு வேளை, அப்புறம் ரெண்டு, அப்புறம் ஒண்ணுன்னு குறைச்சுக்கிட்டு வருவாங்க. இந்த இடத்துல ஒரு தப்பு நடக்கும், "பழைய சீட்டு தான், அதே மாதிரி குடுங்க"ன்னு மூணு வேளையையே மாசக்கணக்கா வாங்கிப் போடுறவங்க உண்டு. ஒரு பெரியவர் நாலு மாசம் அப்படிப் போட்டுட்டு வந்தாரு, கை நடுக்கம், நடை தள்ளாட்டம், வெயில் பட்ட முகம் மட்டும் கன்னிப் போய்க் கருத்து இருந்துச்சு.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி தைராய்டு, லிவர் டெஸ்ட், நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கணும், அப்புறம் ஆறு மாசத்துக்கு ஒரு தடவை தைராய்டும் லிவரும். புதுசா வறட்டு இருமல், மூச்சு வாங்கல்னா சளின்னு நினைச்சு டானிக் குடிக்காம டாக்டர்ட்ட "அமியோடரோன் போடுறேன்"னு சொல்லியே காட்டுங்க. வெயில்ல குடை எடுத்துக்கோங்க. டிஜாக்சின் கூட சேந்தா அதப் பாதியாக்குவாங்க, வார்ஃபரினையும் நல்லா குறைக்கணும், இல்லன்னா ரத்தம் கசியும்.

அப்போ அயோடின் இல்லாத ட்ரோனடரோனுக்கு மாறிரலாமே?

அயோடினக் கழட்டிட்டு செஞ்ச தம்பி மாத்திரை அது, தைராய்டு, நுரையீரல் தொந்தரவு குறைவு, ஆனா தாளத்தப் பிடிக்கிற பலமும் குறைவு. இதயம் பலவீனமா இருந்து கால் வீங்கி மூச்சு வாங்குறவங்களுக்கும், ஏஎஃப் நிரந்தரமாயிருச்சுன்னு விட்டவங்களுக்கும் இது கெடுதல் பண்ணுச்சுன்னு தனித்தனி ஆராய்ச்சியில தெரிஞ்சுபோச்சு, அதுல நிரந்தர ஏஎஃப்ல பாத்தத 2011ல பாதியிலயே நிறுத்தினாங்க. மேல சொன்ன அப்பாவுக்கு அதனால இது ஆகாது. வந்து வந்து போற ஏஎஃப், பம்பிங் ஓரளவு சரியா இருக்குறவங்களுக்கு யோசிக்கலாம், சாப்பாட்டோட ரெண்டு வேளை.

என் மச்சானுக்கு ஃப்ளெகனைட் போட்டு சூப்பரா இருக்காரு, எனக்குக் கேட்டா டாக்டர் முடியாதுங்கறாரு. ஏன்?

உங்களுக்கு ஸ்டென்ட் வச்சுருக்கா? அதான். ஃப்ளெகனைட் நல்ல மாத்திரை, இதயத் தசையும் ரத்தக் குழாயும் நல்லா இருக்குறவங்களுக்கு. அட்டாக் வந்தவங்களுக்கு எக்டோபிக் குறையட்டும்னு இந்த வகை மருந்தக் குடுத்துப் பாத்த காஸ்ட்னு ஒரு அமெரிக்க ஆராய்ச்சி, 1989ல முடிவு வந்தப்ப எல்லாரும் ஆடிப் போனாங்க, ஈசிஜியில துடிப்பு அழகா ஆச்சு, ஆனா மருந்து போட்டவங்க தான் அதிகமா இறந்தாங்க. பேப்பர்ல அழகா தெரியுறதும் ஆள் பிழைக்கிறதும் வேற வேறன்னு அன்னைக்குத் தான் தெரிஞ்சுது. ப்ரோபஃபினோனுக்கும் இதே கட்டுப்பாடு தான்.

சோட்டலால் வேற மாதிரி. ஈசிஜியில க்யூடின்னு ஒரு இடைவெளி இருக்கு, அத நீட்டும், ரொம்ப நீண்டுட்டா கீழ் அறை தறிகெட்டு ஓடும். அதனால ஆரம்பிக்கிறப்பவும் டோஸ் கூட்டுறப்பவும் ஈசிஜி பாக்கணும், கிட்னி சரியா இருக்கணும், பொட்டாசியம் குறையக் கூடாது.

பையில வச்சுக்கிட்டு படபடப்பு வந்தா மட்டும் போட்டுக்கிற மாத்திரை இருக்காமே?

இருக்கு, எப்பவாவது தான் வரும், வந்தா நல்லாத் தெரியும்ங்கறவங்களுக்கு ஃப்ளெகனைட்டோ ப்ரோபஃபினோனோ ஒரே டோஸா. முந்தின பதில்ல சொன்ன மாதிரி இதயம் நல்லா இருக்கணும். முதல் தடவை ஆஸ்பத்திரியில டாக்டர் முன்னாடி தான் போட்டுப் பாக்கணும், கூட வேகம் குறைக்கிற மாத்திரையும் பெரும்பாலும் வேணும், ஏன்னா நடுக்கம் மெதுவாகுறப்ப அந்தக் கேட் அத்தனையையும் அப்படியே கீழ விட்டுரலாம். மச்சான்ட்ட கடன் வாங்கிப் போடுற மாத்திரை இல்ல இது.

எனக்கு இப்பல்லாம் படபடப்பே இல்ல. ரத்தத்த இளக்குற மாத்திரை எதுக்கு, அது தான் விலையும் அதிகம்?

மேல் அறை நடுங்குதுல்ல, அங்க ரத்தம் ஓடாம தேங்கும், இடது பக்கம் ஒரு சின்னப் பை மாதிரி மூலை இருக்கு, அதுல கட்டி கட்டும், அது கிளம்பி மூளைக்குப் போனா பக்கவாதம். ஏஎஃப் உள்ளவங்களுக்கு பக்கவாத வாய்ப்பு சுமார் 5 மடங்கு. படபடப்பு இருக்கோ இல்லையோ அந்தக் கட்டிக்கு அது தெரியாது.

எங்கம்மாவுக்கு ஏஎஃப் இருந்துச்சு. 2018ல ஒரு நாள் காலையில காபி டம்ளர் வலது கையிலேர்ந்து நழுவி விழுந்துச்சு, "என்னம்மா"ன்னு கேட்டா வாய் கோணி வார்த்தை வரல. ஆஸ்பத்திரியில சேத்துட்டு சாயங்காலம் வீட்டுக்கு வந்து மாத்திரை டப்பாவத் திறந்தேன், மெட்டோப்ரோலால் ஸ்ட்ரிப் ஒழுங்கா காலியாகிருந்துச்சு, ரிவரோக்சபான் ஸ்ட்ரிப்ல 11 மாத்திரை பிரிக்காம அப்படியே இருந்துச்சு. ஒரு தடவை மூக்குல ரத்தம் வந்ததுன்னு நிறுத்திருக்காங்க, படபடப்பு தான் இல்லையேன்னு எங்கிட்டயும் சொல்லல. ஊருக்கெல்லாம் மாத்திரை குடுக்குற நான் எங்க வீட்டு டப்பாவத் திறந்து பாக்கல. இன்னைக்கும் அவங்களால வலது கையால பொட்டு வச்சுக்க முடியாது.

எல்லாருக்கும் இது வேணுமான்னா இல்ல. சாட்ஸ்-வாஸ்க்னு ஒரு மார்க் போடுவாங்க: இதய பலவீனம் 1, பிபி 1, சுகர் 1, ரத்தக் குழாய் அடைப்பு 1, வயசு 65லேர்ந்து 74ன்னா 1, 75லேர்ந்து மேலன்னா 2, முன்னாடி பக்கவாதம் வந்துருந்தா 2. பெண்ணுன்னா 1 போட்டுக்கிட்டு இருந்தாங்க, 2024ல ஐரோப்பிய டாக்டர்கள் அத எடுத்துட்டாங்க. இந்தக் கணக்குல 2 வந்துட்டா மாத்திரை வேணும், 1ன்னா பேசி முடிவு பண்ணணும். வால்வு சுருக்கம் உள்ளவங்களுக்கு மார்க்கே பாக்க வேண்டாம், மாத்திரை கட்டாயம் வேணும்.

அதுக்கு ஆஸ்பிரின் போட்டா பத்தாதா? விலையும் கம்மி.

பத்தாது. ஆஸ்பிரின் வேற வகைக் கட்டிக்கு, அட்டாக்குக்கு. 2011ல அவரோஸ்னு ஆராய்ச்சியில அபிக்சபானையும் ஆஸ்பிரினையும் நேருக்கு நேர் வச்சுப் பாத்தாங்க, அபிக்சபான் போட்டவங்களுக்கு பக்கவாதம் பாதிக்கும் கீழ இறங்குச்சு, பெரிய ரத்தப்போக்கு ரெண்டுலயும் கிட்டத்தட்ட ஒண்ணு தான். அதாவது ஆஸ்பிரின் போட்டா காவலும் இல்ல, ரத்தம் கசியுற பயமும் போகல.

வார்ஃபரின், அசிட்ரோம் எல்லாம் பழசு, மாசாமாசம் ரத்தம் குத்தணும். எல்லாரும் புதுசுக்கு மாறிரலாமே?

பெரும்பாலானவங்க மாறலாம், மாறவும் செய்றாங்க. புதுசுல (டாபிகாட்ரான், ரிவரோக்சபான், அபிக்சபான்) மூளைக்குள்ள ரத்தம் கசியுறது வார்ஃபரின விட நல்லாவே குறைவு, ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகுதுன்னு காட்டுற டெஸ்ட்) பாக்க வேண்டாம், கீரைக் கணக்கு வேண்டாம். ஜெனரிக் வந்ததுக்கு அப்புறம் விலையும் இறங்கிருச்சு.

ஆனா ரெண்டு கூட்டத்துக்கு பழசு தான், இத அழுத்திச் சொல்றேன். இரும்பு வால்வு வச்சவங்க ஒண்ணு: டாபிகாட்ரான் குடுத்துப் பாத்த ஆராய்ச்சிய கட்டியும் ரத்தப்போக்கும் அதிகமானதால நிறுத்திட்டாங்க. இன்னொண்ணு சின்ன வயசுல மூட்டுவலிக் காய்ச்சல் வந்து மைட்ரல் வால்வு சுருங்கினவங்க, இது நம்ம நாட்டுல இன்னும் நிறைய. இவங்களுக்கு ரிவரோக்சபான் குடுத்துப் பாத்தது 2022ல வந்த இன்விக்டஸ், 4,500 பேருக்கு மேல, ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கா நோயாளிங்க, அதுல பழைய மாத்திரை போட்டவங்க தான் அதிகமா பிழைச்சாங்க. அதனால வால்வு சுருக்கம் உள்ள ஒருத்தர் "புதுசு குடுங்க"ன்னு கேட்டா நான் கெஞ்சியாவது டாக்டர்ட்ட திருப்பி அனுப்பிருவேன்.

ஐஎன்ஆர் பொதுவா 2க்கும் 3க்கும் நடுவுல, இரும்பு வால்வுக்கு கொஞ்சம் கூடலாம். ஒரு நாற்பது பக்க நோட்டுல தேதி, ஐஎன்ஆர், மாத்திரை அளவுன்னு மூணு கோடு போட்டு எழுதி வையுங்க.

அபிக்சபான், ரிவரோக்சபான், டாபிகாட்ரான். புதுசுக்குள்ள எது?

மூணும் வார்ஃபரினோட மோதி ஜெயிச்சோ சமமாவோ வந்தது தான், ஆனா மூணையும் ஒண்ணோட ஒண்ணு நேரா மோத விட்ட ஆராய்ச்சி ஏஎஃப்ல ரொம்பக் குறைவு, அதனால ஒப்பிடுறது ஓரளவுக்குத் தான். எங்கிட்ட தனியா கேட்டா, வயசானவங்க, கிட்னி சுமார், வயித்துல புண்ணு இருந்ததுன்னா அபிக்சபான் பக்கம் தான் என் மனசு போகும். 2011ல அரிஸ்டாட்டில்னு 18,201 பேர்ட்ட பாத்ததுல வார்ஃபரின விட பக்கவாதமும் குறைவு, பெரிய ரத்தப்போக்கும் குறைவு, இறந்தவங்களும் குறைவு. ஒரே குறை ரெண்டு வேளை போடணும்.

ரிவரோக்சபான் ஒரு வேளை தான், மறதிக்காரங்களுக்கு வசதி, ஆனா வயிறு நிறைய சாப்பிட்டு தான் போடணும், வெறும் வயித்துல போட்டா உடம்புல சரியா ஏறாது. ராத்திரி ஒரு டம்ளர் பாலோட படுக்குறவங்க மதியச் சாப்பாட்டுக்கு மாத்திக்கலாமான்னு கேட்டு மாத்திக்கோங்க. டாபிகாட்ரான் 150 எம்ஜி பக்கவாதத்த வார்ஃபரின விட நல்லா குறைச்சுது, ஆனா நெஞ்செரிச்சல் வரும், முக்கால்வாசிக்கு மேல கிட்னி வழியா போறதால கிட்னி கெட்டவங்களுக்கு ஆகாது. அந்தக் கேப்சூலப் பிரிச்சு தண்ணியில கலக்கவே கூடாது, மருந்து மொத்தமா ஏறிரும், வார டப்பாவுல பிரிச்சுப் போட்டு வைக்கவும் கூடாது, ஈரம் பட்டா வீணாப் போகும்.

அம்மா 48 கிலோ தான். 5 எம்ஜி அதிகமா இருக்கும்னு பாதியா உடைச்சுக் குடுக்குறேன், சரிதானே?

தப்புங்க. அபிக்சபான பாதியாக்க மூணுல ரெண்டு இருக்கணும்: வயசு 80 அல்லது அதுக்கு மேல, எடை 60 கிலோ அல்லது அதுக்குக் கீழ, கிரியாட்டினின் (கிட்னி எப்படின்னு காட்டுற ரத்த டெஸ்ட்) 1.5 அல்லது அதுக்கு மேல. நம்ம ஊர் வயசான பொம்பளைங்கள்ல நிறைய பேர் 60 கிலோவுக்குக் கீழ தான், எடை ஒண்ண மட்டும் பாத்து குறைச்சா காவல் பாதியாயிரும். ரிவரோக்சபான கிட்னிய வச்சுத் தான் 20லேர்ந்து 15க்கு இறக்குவாங்க.

கீரை சாப்பிடவே கூடாதா?

வார்ஃபரின், அசிட்ரோம் போடுறவங்களுக்கு மட்டும் தான் இந்தப் பேச்சு, அவங்களும் விட வேண்டாம். கீரையில வைட்டமின் கே இருக்கு, அது மாத்திரைய எதிர்க்கும், அதனால அளவு ஏறி இறங்கக் கூடாது. வாரம் ரெண்டு நாள் ஒரு கரண்டின்னா எப்பவும் அப்படியே. ஒரு மாசம் தொடாம இருந்துட்டு அடுத்த வாரம் தினமும் முருங்கைக்கீரை சூப்னு ஆரம்பிச்சா தான் ஐஎன்ஆர் ஆடும்.

ஒரு வேளை மறந்துட்டேன், ரெண்டா சேத்துப் போட்டுக்கவா?

எந்த மாத்திரையா இருந்தாலும் சேத்துப் போடாதீங்க. வார்ஃபரினும் ரிவரோக்சபானும் அன்னைக்கே ஞாபகம் வந்தா போடுங்க, மறுநாள் தான் ஞாபகம் வந்துச்சுன்னா விட்டுட்டு வழக்கமானது மட்டும். அபிக்சபான் ஞாபகம் வந்த உடனே. டாபிகாட்ரான்ல அடுத்த வேளைக்கு 6 மணி நேரம் இல்லன்னா விட்டுருங்க. புது மாத்திரைங்க ஒரு நாளுக்குள்ள உடம்ப விட்டு இறங்கிரும், ரெண்டு நாள் ஊருக்குப் போறப்ப மறந்துட்டுப் போனா அந்த ரெண்டு நாளும் காவல் இல்ல.

மூட்டு வலி, சளி, கேஸ் இதுக்கெல்லாம் கடையில கேட்டு வாங்கிக்கலாமா?

இது தான் எனக்கு ரொம்பப் பயம். கட்டித் தடுப்பு மாத்திரையோட டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் சேந்தா வயித்துல ரத்தம் கசியும், வலிக்கு பாராசிட்டமால் தான் முதல்ல. வார்ஃபரின்காரங்க மெட்ரோனிடசோல், ஃப்ளூகோனசோல் போட்டா ஐஎன்ஆர் எகிறும். டிபிக்கு ரிஃபாம்பிசின் ஆரம்பிச்சா பழசு புதுசு எல்லாத்தோட பலனும் இறங்கிரும், ரெண்டு டாக்டரும் பேசியே ஆகணும்.

கேஸ் மாத்திரைன்னு வாங்குறதுல பாதி டோம்பெரிடோன் கலந்தது. அமியோடரோன், சோட்டலால் போடுறவங்களுக்கு மேல சொன்ன க்யூடிய அது இன்னும் நீட்டும், அசித்ரோமைசினும் அப்படித்தான். கடையில "ஹார்ட்டுக்கு மாத்திரை போடுறேன்"னு சொன்னா பத்தாது, பேரச் சொல்லுங்க, இல்ல ஸ்ட்ரிப்பக் காட்டுங்க.

பல்லு புடுங்கணும், அஞ்சு நாள் முன்னாடியே எல்லாத்தையும் நிறுத்திட்டேன்.

யாரும் சொல்லாம நிறுத்தாதீங்க. ஒண்ணு ரெண்டு பல்லுக்கு பெரும்பாலும் நிறுத்தாமலே எடுக்கலாம், வார்ஃபரின்னா அன்னைக்கு ஐஎன்ஆர் பாத்துட்டு, புதுசுன்னா காலை வேளைய மட்டும் தள்ளி வச்சு. பெரிய ஆபரேஷனுக்கு எத்தனை நாள்னு கிட்னியப் பாத்து இதய டாக்டர் எழுதிக் குடுப்பாரு.

எனக்கு எஸ்விடி. 180ல ஓடுறப்ப வீட்டுலயே எதாவது பண்ணலாமா?

பண்ணலாம், முதல்ல உங்க டாக்டர்ட்ட கத்துக்கிட்டு. 10 மில்லி சிரிஞ்ச் ஒண்ணு எடுத்துக்கிட்டு சாஞ்சு உக்காந்து, ஊசி மாட்டுற முனையில வாய வச்சு உள்ள இருக்குற பிஸ்டன் லேசா நகர்ற அளவுக்கு 15 செகண்ட் ஊதணும், உடனே படுத்து யாராவது ரெண்டு காலையும் 45 டிகிரி தூக்கி 15 செகண்ட் பிடிக்கணும். 2015ல இங்கிலாந்துல பாத்ததுல இப்படிப் பண்ணினவங்கள்ல 43 சதவீதம் பேருக்கு நின்னுச்சு, கால் தூக்காம வெறுமனே ஊதினவங்களுக்கு 17 சதவீதம் தான்.

நிக்கலன்னா ஆஸ்பத்திரியில அடினோசின் ஊசி, சில செகண்ட் தான் வேலை செய்யும், அந்த சில செகண்ட் நெஞ்ச அழுத்தி உயிரே போற மாதிரி இருக்கும்னு சொல்லுவாங்க, போயிரும், முன்கூட்டியே தெரிஞ்சா பயம் குறையும். ஆஸ்துமா இருந்தாலோ டெரிஃபிலின் மாதிரி மாத்திரை போட்டாலோ ஊசிக்கு முன்னாடியே சொல்லிருங்க. டபிள்யூபிடபிள்யூன்னு ரிப்போர்ட்ல இருந்தா அந்தக் கேட்டுக்குப் பக்கத்துலயே ஒரு குறுக்கு வழி இருக்குன்னு அர்த்தம். அவங்களுக்கு ஏஎஃப் வந்தா வெராபமிலும் டிஜாக்சினும் ஆபத்து, மொத்தமும் குறுக்கு வழியில இறங்கிரும்.

ஏப்லேஷன் பண்ணிட்டேன், ஈசிஜி நார்மல். இனி எல்லா மாத்திரையும் நிறுத்திரலாம் தானே?

ஏப்லேஷன்னா ரத்தக் குழாய் வழியா ஒயர் விட்டு துடிப்பக் கெடுக்குற இடத்த அடக்குறது. எஸ்விடிக்கு பண்ணியிருந்தா பெரும்பாலும் ஆமா. ஏஎஃப்க்குன்னா தாள மாத்திரையும் வேக மாத்திரையும் மெல்ல குறைப்பாங்க, கட்டித் தடுப்பு குறைஞ்சது ரெண்டு மாசம் எல்லாருக்கும் தொடரணும். அதுக்கு மேல தொடரணுமாங்கறது மேல சொன்ன மார்க்க வச்சு, தாளத்த வச்சு இல்ல. ஏஎஃப் தூக்கத்துல திரும்ப வந்துட்டுப் போனா கூட உங்களுக்குத் தெரியாது.

எப்ப வீட்டுல காத்துருக்காம கிளம்பணும்?

மயங்கி விழுந்தா, நெஞ்சு வலியோட படபடப்பு வந்தா, மூச்சு வாங்கிப் படுக்க முடியலன்னா, மலம் தார் மாதிரி கருப்பாப் போனா, கட்டித் தடுப்பு போடுறவங்க தலையில அடிபட்டா (வெளிய காயமே இல்லன்னாலும்) கிளம்புங்க. வாய் கோணல், கை விழுறது, பேச்சுக் குழறல்னா 108க்கு உடனே. கட்டிய கரைக்கிற ஊசிக்கு நாலரை மணி நேரம் தான் கணக்கு, அதுவும் கடைசியா எப்ப நல்லா இருந்தாங்களோ அப்பலேர்ந்து.

போறப்ப மாத்திரை டப்பாவையே கையில எடுத்துக்கோங்க. அங்க முதல்ல கேக்குறது கட்டித் தடுப்பு கடைசியா எத்தனை மணிக்குப் போட்டாங்கன்னு தான், அத வச்சு தான் ஊசி போடலாமா கூடாதான்னு முடிவு பண்ணுவாங்க. அன்னைக்கு எங்கிட்ட கேட்டப்ப நான் "காலையில போட்டுருப்பாங்க"ன்னு சொன்னேன்.